ஸ்பீக்கரில் 'உம்ம்' இரைச்சலும் 'கரகர' சத்தமும்: புதிது வாங்கும் முன் எங்கே தேடுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: பழைய வீடு ஒன்றுக்கு வாடகைக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது. டெஸ்க்டாப்பில் மாட்டியிருக்கும் 2.1 ஸ்பீக்கர், ஆன் செய்ததுமே 'உம்ம்ம்' என்று இரைகிறது. மௌஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்கிறது. பாட்டு ஓடும்போது நடுநடுவே 'பட், பட்' என்று வெடிக்கிறது. கடையில் காட்டினால் ஸ்பீக்கர் போய்விட்டது என்கிறார்கள். கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சில சமயம் சுருக்கென்கிறது, ஆனால் அது வேறு விஷயம். புது ஸ்பீக்கர் வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். "அது வேறு விஷயம்" என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. அந்தச் சுருக்கும் இந்த இரைச்சலும் ஒரே இடத்திலிருந்து வருவதற்கு வாய்ப்பு அதிகம். அதற்கு வருகிறேன். அதற்கு முன், ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் இருக்கும் 3.5 மி.மீ. பின்னை உருவி ஒரு செல்போனில் செருகுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது, பேட்டரியில் ஓட வேண்டும். ஜாக் இல்லாத போன் என்றால் வீட்டில் கிடக்கும் பழைய போன் போதும், இயர்போன் ஓட்டை உள்ள பேட்டரி ரேடியோ இருந்தாலும் சரி. பாட்டுப் போடாமல் முதலில் அமைதியாகக் கேளுங்கள், அப்புறம் பாட்டுப் போட்டுக் கேளுங்கள். பின்னை எதிலும் செருகாமல் அந்தரத்தில் விட்டுச் சோதிக்காதீர்கள். சும்மா தொங்கும் ஒயர் ஆன்டெனா மாதிரி வேலை செய்து, சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். முனையை விரலால் தொட்டால் 'பர்ர்' என்று கத்தும். நல்ல ஸ்பீக்கரும் அப்படித்தான் கத்தும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் ஸ்பீக்கரைப் பழைய சாமான் கடையில் போடுகிறார்கள்.

போனில் சுத்தமாகக் கேட்டால் ஸ்பீக்கருக்கும் ஒயருக்கும் ஒன்றும் இல்லை, கோளாறு கம்ப்யூட்டர் பக்கமோ வீட்டு ஒயரிங்கிலோ இருக்கிறது. போனிலும் அதே இரைச்சல் வந்து, வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அது குறையவில்லை என்றால் ஸ்பீக்கரின் பவர் பகுதியில் கோளாறு. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால், வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே, அதாவது ஒயரிலோ ஜாக்கிலோ, இரைச்சல் உள்ளே நுழைகிறது.

இரைச்சலின் சுருதியும் ஒரு தடயம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது நேராக ஆடியோ ஒயருக்குள் புகுந்தால் 50 ஹெர்ட்ஸில் அடி வயிற்றில் அதிர்வது போலக் கேட்கும், கூடவே அதன் மடங்குகளும் சேர்ந்து கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் டயோடுகள் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால், அந்தப் பவர் பகுதி கெட்டால் வரும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே. போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு, இயர்போனில் 50, 100 இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது போல, எது ஸ்பீக்கரோடு ஒத்துப்போகிறது என்று காதே சொல்லிவிடும். போனின் சொந்த ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது, இயர்போன் வேண்டும்.

இப்போது அந்தச் சுருக்கு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள், மின்சாரம் நுழையும் இடத்தில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து (லைவ் ஒயர்) உலோக உடலுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து உலோக உடலுக்கு. எஸ்எம்பிஎஸ் கிளப்பும் உயர் அதிர்வெண் இரைச்சலை எர்த்தில் கொண்டுபோய் விடுவது அவற்றின் வேலை. எர்த் ஒழுங்காக இருந்தால் நமக்கு எதுவும் தெரியாது. எர்த் இல்லை என்றால் அந்த இரண்டு கெப்பாசிட்டரும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பங்கு போட்டு, கேபினட்டைச் சுமார் 115 வோல்ட்டில் நிறுத்திவிடும். கசியும் மின்சாரம் பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதனால்தான் தூக்கியடிக்காமல் சுருக்கென்று மட்டும் இருக்கிறது. ஆனால் அந்தக் கசிவு தரைக்குப் போக ஏதாவது ஒரு வழியைத் தேடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கிடைக்கும் சுலபமான வழிகளில் ஒன்று உங்கள் ஆடியோ ஒயரின் ஷீல்டு, அதாவது உள்ளே ஓடும் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல். ஷீல்டில் ஓடும் மின்சாரத்தை ஸ்பீக்கர் பாட்டின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு பெருக்குகிறது. 1 வோல்ட் அளவுள்ள பாட்டோடு 5 மில்லி வோல்ட் இரைச்சல் சேர்ந்தாலே அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும்.

பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஒயர் இருந்தாலும் அது போய்ச் சேரும் எர்த் குழி காய்ந்து கிடக்கும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த அந்தக் காலத்துக் குழிகளில் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஒரு குழாய் விட்டிருப்பார்கள். கோடையில் யாரும் ஊற்றுவதில்லை. இன்னொரு இடமும் உண்டு: மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மேலே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே ஓடும் கேபிளில் இரண்டே ஒயர்தான். வீட்டு எர்த் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டருக்கு அது வந்து சேராது. ஆகவே முதலில் அந்தப் பாக்ஸைத் தவிர்த்துவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பாயிண்டில் மாட்டிப் பாருங்கள்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இரண்டாவது அளவு தாறுமாறாக இருந்தாலோ மூன்றாவது பத்து, இருபது என்று ஏறினாலோ எர்த் சரியில்லை. மீட்டர் மிகக் குறைந்த மின்சாரத்திலேயே அளவு காட்டிவிடும் என்பதால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு குண்டு பல்பைப் போட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மங்கி எரிந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. மெயினில் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் இந்தப் பல்பு சோதனை அதை டிரிப் ஆக்கிவிடும், பயப்பட வேண்டாம்.

இங்கே இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சில சமயம் இரைச்சல் நின்றும் விடும். ஆனால் நாளைக்கு எஸ்எம்பிஎஸ் உள்ளே இன்சுலேஷன் போனால், 115 அல்ல, முழு 230 வோல்ட்டும் கேபினட்டில் வந்து நிற்கும். அதை முதலில் தொடுவது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். இரண்டாவது, எர்த் இல்லை என்றதும் சிலர் போர்டிலேயே நியூட்ரலையும் எர்த் ஓட்டையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். அதன் பிறகு சுருக்கும் இருக்காது, மீட்டரும் அழகாகப் பூஜ்ஜியம் காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்த அன்றைக்கு, அந்தப் பாயிண்டில் மாட்டிய எல்லாச் சாதனங்களின் உடலும் லைவ் ஆகிவிடும். யாராவது அப்படிச் செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எர்த் நன்றாக இருக்கும் வீட்டிலும் இரைச்சல் வரும், அதற்குக் காரணம் நேர் எதிரானது: எர்த் ஒன்றுக்கு மேல் இருப்பது. இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள். என் வீட்டிலேயே இது நடந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் டிவிக்குப் போகிறது, டிவியோடு சேர்ந்த செட்டாப் பாக்ஸுக்கு வெளியிலிருந்து கேபிள் வருகிறது. அந்தக் கேபிளின் உலோகப் பின்னல் தெருவில் வேறொரு இடத்தில் தரையோடு சேர்ந்திருக்கிறது. என் வீட்டு எர்த்துக்கும் அந்தத் தரைக்கும் இடையே இருந்த சிறிய மின்னழுத்த வேறுபாடு, கேபிள், டிவி, எச்டிஎம்ஐ, கம்ப்யூட்டர், ஆடியோ ஒயர், ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு வட்டமடித்தது. இரண்டு மாதம் ஸ்பீக்கரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மழைக்குப் பயந்து செட்டாப் பாக்ஸின் கேபிளைத் திருகிக் கழற்றினேன், அந்த நொடியே அறை அமைதியானது. அன்றிலிருந்து என் வழிமுறை ஒன்றுதான்: கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கும் ஒவ்வொரு ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேட்பது. டிவி, பிரிண்டர், லேன் ஒயர், வெளியே வைத்த ஹார்ட் டிஸ்க், எதையும் விடக் கூடாது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரை உருவிப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

லூப் என்று தெரிந்தால், கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், டிவி மூன்றையும் ஒரே போர்டிலிருந்து, எர்த் உள்ள ஒரே ஸ்பைக் பஸ்டரிலிருந்து ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குறையும். அப்புறமும் நிற்கவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் தேடலாம், ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்கு வரும். அதற்குள் இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள், இடது வலது சேனலுக்கு ஒவ்வொன்று. பாட்டு காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், ஷீல்டின் இணைப்பு அங்கேயே அறுந்துவிடும். மலிவானதில் பாட்டின் கனத்த அடி ஒலி கொஞ்சம் மெலியும், அதைத் தெரிந்தே வாங்குங்கள். மதர்போர்டிலும் ஸ்பீக்கரிலும் ஆப்டிகல் ஓட்டை இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. ஒளிதான் போகிறது, மின்சாரம் போவதற்கு வழியே கிடையாது.

மௌஸை நகர்த்தும்போது வரும் 'கிர்ர்' வேறு ரகம். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் நொடிக்கு நொடி இழுக்கும் மின்சாரம் மாறிக்கொண்டே இருக்கும், அந்த ஏற்ற இறக்கம் ஆடியோ பகுதியின் கிரவுண்டில் (மின்சாரம் திரும்பிப் போகும் பொதுப் பாதை) கலந்துவிடுகிறது. பின்னை கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் செருகியிருக்கிறீர்களா? அப்படியானால் பின்பக்கத்துப் பச்சை ஜாக்குக்கு மாற்றுங்கள். முன் ஜாக்கின் ஒயர் மதர்போர்டிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டே வருகிறது. இது ஒன்றிலேயே பலருக்குத் தீர்ந்திருக்கிறது. சவுண்ட் செட்டிங்கில் பயன்படுத்தாத மைக்கையும் லைன் இன்னையும் மியூட் செய்யுங்கள், மைக் பூஸ்ட் இருந்தால் பூஜ்ஜியமாக்குங்கள். மின்சாரத்தை யூஎஸ்பியிலிருந்தும் பாட்டை 3.5 மி.மீ. ஒயரிலிருந்தும் எடுக்கும் குட்டி ஸ்பீக்கர்களில் இந்தக் கிர்ர் அடிக்கடி வரும், ஏனென்றால் ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு கிரவுண்டுப் பாதைகள் ஆகிவிடுகின்றன. அவற்றின் யூஎஸ்பி முனையை ஒரு செல்போன் சார்ஜரில் மாட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

செலவில்லாத இன்னொரு வழி: விண்டோஸில் வால்யூமை 80, 90க்கு ஏற்றிவிட்டு ஸ்பீக்கர் குமிழை இறக்கி வையுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு விண்டோஸில் 15 வைத்துக் கேட்கிறார்கள். ஒயரில் நுழையும் இரைச்சலின் அளவு மாறுவதில்லை, அதைப் பெருக்குவது குமிழ்தான். பாட்டைப் பலமாக அனுப்பிவிட்டு குறைவாகப் பெருக்கினால் இரைச்சல் அடியில் அமுங்கிவிடும்.

அடுத்தது 'பட், பட்'. வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், உள்ளே இருக்கும் கார்பன் தடத்தில் தூசி சேர்ந்திருக்கிறது. ஸ்பீக்கரை அணைத்து பிளக்கை உருவிவிட்டு, கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம், தூசியை இன்னும் இழுக்கும். பின்னை அசைத்தால் கரகரத்தால் ஜாக்கில் அழுக்கோ ஒயரில் முறிவோ இருக்கிறது. கடலோர ஊர்களில் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், துடைத்தால் போதும். சப் ஊஃபரின் காற்றுத் துளை வழியாகக் கரப்பானும் எலியும் உள்ளே குடியேறி ஒயரைக் கடித்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பாட்டில் கனத்த அடி ஒலி வரும்போது மட்டும் கரகரத்தால், கோனின் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) ஓரம் கிழிந்திருக்கலாம். நான்கு விரலால் கோனைச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் கோனை அசைக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) இடிக்கிறது, கோனைத்தான் மாற்ற வேண்டும். ஆன் செய்து பத்து நிமிடம் சூடான பிறகு தொடங்கும் கரகரப்பு, பெட்டியைத் தட்டினால் வந்து போகிறதென்றால், சால்டர் விட்டுப்போயிருக்கிறது.

இதில் எதுவும் இல்லாமல், போனில் பாட்டு சுத்தமாக ஓடி, கம்ப்யூட்டரில் மட்டும் வெடித்தால், ஒரு ப்ளூடூத் ஹெட்போனை இணைத்துக் கேளுங்கள். அதிலும் வெடித்தால் ஒயருக்கும் எர்த்துக்கும் சம்பந்தமில்லை, கோளாறு மென்பொருளில். நொடிக்கு 48,000 மாதிரிகளாக இருக்கும் ஒலியை விண்டோஸ் வழக்கமாக 10 மில்லி நொடித் துண்டுகளாக, அதாவது 480 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக அனுப்புகிறது. ஏதோ ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அதைவிட அதிக நேரம் பிராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டால் அடுத்த துண்டு நேரத்துக்கு வராது, அந்த இடைவெளிதான் 'பட்'. லேட்டன்சிமான் என்ற மென்பொருளைச் சிறிது நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும். வைஃபையும் கிராஃபிக்ஸும் அடிக்கடி மாட்டுகிறவை. மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து ஆடியோ, வைஃபை டிரைவர்களைப் புதிதாகப் போடுங்கள். ஸ்பீக்கர் பண்புகளில் எல்லா என்ஹான்ஸ்மென்ட்டையும் அணைத்து, 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துப் பாருங்கள். லினக்ஸில் பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் 'டப்' என்றால், ஆடியோ சிப்பைத் தூங்க வைக்கும் பவர் சேவ் அமைப்பை 0 ஆக்கினால் போதும்.

போன் சோதனையிலும் இரைச்சல் நிற்கவில்லையா, அப்போதும் ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் சத்தம் கோனிலிருந்து வருகிறதா பெட்டியிலிருந்தா என்று காதை வைத்துக் கேளுங்கள். பெட்டியே அதிர்ந்தால் டிரான்ஸ்பார்மர் போல்ட் தளர்ந்திருக்கலாம், இறுக்கினால் சரியாகிவிடும். கோனிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வந்தால், டயோடுகள் திருப்பிய மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்தான் முதல் சந்தேகம். 2200 அல்லது 4700 மைக்ரோ ஃபாரட் என்று எழுதிய பெரிய உருளைகள் அவை. தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ தீர்ந்துபோய்விட்டது. பத்து டிகிரி சூடு கூடினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் ஊர் வெயிலில், மூடிய மரப்பெட்டிக்குள், இவை சீக்கிரம் காய்வதில் வியப்பில்லை. தெருமுனை டிவி மெக்கானிக் அரை மணி நேரத்தில் மாற்றித் தருவார். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி என்று எழுதியதாகப் போடச் சொல்லுங்கள். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் நீங்களே திறக்காதீர்கள், உள்ளே 230 வோல்ட் பகுதியும் இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே இரைச்சல் கிளப்புகிறவையும் உண்டு. சில எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்களும் லைட் டிம்மர்களும் அலையை நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். மிக்ஸி ஓடும்போது மட்டும் கரகரத்தால் அதன் பிரஷ் பொறி. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், சைன் வேவுக்கு மாறினால்தான் போகும். அழைப்பு வரும் முன் 'டிட் டிடி டிட்' என்றால் 2ஜி போன் ஸ்பீக்கர் பக்கத்தில் கிடக்கிறது, நகர்த்தி வைத்தால் போதும்.

உங்கள் விஷயத்தில் மௌஸ் சத்தத்துக்குப் பின்பக்க ஜாக்கையும் வெடிப்புக்கு லேட்டன்சிமானையும் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சுருக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. வீட்டு உரிமையாளரிடம் இன்றைக்கே சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள், எர்த் சரியாகும்வரை கேபினட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டே தொடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். எர்த் வந்த பிறகும் அந்த 'உம்ம்' மிச்சமிருந்தால் போன் சோதனையில் என்ன கேட்டது, குமிழோடு ஏறி இறங்கியதா என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.